கிதிர் முகம்மது மேல் அருவி ஒட்டிய வருஷம்

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் குற்றாலம் மெயின் அருவி, தென்காசி கிதிர் முகம்மதுவின் முதுகில் ஒட்டிக்கொண்டது. பதினொரு நிமிஷம் ஒட்டியிருந்தது. அந்தப் பதினொரு நிமிஷமும் பெண்கள் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. தலையில் எண்ணெயோடு நின்ற எழுநூறு பெண்கள் முதலில் மேலே பார்த்தார்கள், பிறகு ஆண்கள் பக்கம் பார்த்தார்கள், பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். அன்றைக்கு ரம்புட்டான் கிலோ இருநூற்று நாற்பது, மங்குஸ்தான் முந்நூறு. அருவி இடம் மாறியதால் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. அருவி வந்து ஒட்டுவதற்கு முன்பே அந்த மனிதர் மேல் ஆறு எவர்சில்வர் டம்ளர், ஒரு நாட்டுக்கோழி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டவுன் பஸ் கண்டக்டரின் விசில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அச்சடித்த நாற்பது பத்திரிகை எல்லாம் ஒட்டியிருந்தன. கோழி அவர் தோளிலேயே இரண்டு தடவை முட்டை இட்டுவிட்டது. இவ்வளவும் ஒட்டிய ஆள்மேல் அருவி ஒட்டினால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறொன்று. இத்தனையும் ஒட்டுகிறதே, பெற்ற மகள் மட்டும் ஏன் ஒட்டமாட்டேன் என்கிறாள்?

கிதிர் முகம்மது தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் டைல்ஸ் ஒட்டியவர். மகள் நஸீபா பிறந்தபோது ஊருக்கு வந்தார், மூன்று வயதில் வந்தார், ஆறு வயதில் வந்தார். அப்புறம் கம்பெனி மூடியது, பாஸ்போர்ட் எங்கேயோ மாட்டியது, கொரோனா வந்தது, இப்படிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. பத்து வருஷமும் தினம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு போனில் முகம் பார்த்துப் பேசுவார். மகள் வளர்ந்ததெல்லாம் அவருக்கு உள்ளங்கை அகலத்துக்குள்தான். பல் விழுந்தது, முளைத்தது, பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபது வாங்கியது எல்லாம் அதற்குள் நடந்து முடிந்தன. பன்னிரண்டு வயதுக்குமேல் நஸீபா ஃபில்டர் போட்டுக்கொண்டுதான் போனுக்கு வருவாள். ஃபில்டர் அவளுக்குப் பால் நிறம் கொடுத்தது, கண்ணைக் கோழிமுட்டை ஆக்கியது, தாடையைச் சீவிக் கூராக்கியது, மூக்குக் கண்ணாடியையும் முகப்பருவையும் விழுங்கிவிட்டது. வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. என் மகள் சுண்டினால் ரத்தம் வரும் நிறம் என்று தம்மாம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அவர் வந்து இறங்கியது சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்திலிருந்து அவரை ஏற்றிவந்த வேனை விட்டு, தெருவுக்குள் பிச்சைமணியின் ஆட்டோவில் மாறி வந்தார். தெருவே கூடி நின்றது. மனைவி ஜைனப் வாசலில். நஸீபா விடியலிலிருந்து அடுப்படியில் நின்று, பழைய நைட்டியும் தலையில் துண்டும் கையில் தேங்காய்ப்பூவுமாக, ஆட்டோ சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். அவள் பக்கத்தில் நின்றது அடுத்த வீட்டு டேனியல் சாரின் மகள் கிருபா. அவள் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்தவள். வெள்ளை உடுப்பு, வெள்ளை முகம், பெரிய கண், கூர்ந்த தாடை. கிதிர் முகம்மது கண்ணீரோடு நேராகப் போய்க் கிருபாவின் தலையில் கை வைத்தார். "எந் தங்கமே, எவ்வளவு வளந்துட்டே" என்று சொல்லி, மூன்று பவுன் சங்கிலியை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்தில் வாய் திறந்து நின்றவளைப் பார்த்து, "ஏ பிள்ள, நின்னுக்கிட்டு என்ன பாக்கே? அந்தப் பெட்டியத் தூக்கி உள்ள வை" என்றார்.

அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு நின்றதில் பிரியாணிச் சட்டிக்கடியில் எரிந்துகொண்டிருந்த விறகு அணைந்துவிட்டது. ஆட்டோக்கார பிச்சைமணிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, அது டேனியல் சார் மவளாக்கும். உங்க பிள்ள அந்தா, பெட்டியத் தூக்கிட்டுப் போகுது பாருங்க."

முப்பத்தெட்டு கிலோ பெட்டி. இடுப்பில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, நஸீபா திரும்ப வாசலுக்கு வந்தாள்.

"வச்சிட்டேன். வேற ஏதும் வேல உண்டுமா?"

கிருபா சங்கிலிக் கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். "அங்கிள், கழட்ட வர மாட்டேங்குது" என்று அவள் அழுத அழுகைதான் அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட ஒரே சத்தம். வெட்கம் முதலில் கிதிர் முகம்மதுவின் காதில் ஏறியது, காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது, கழுத்திலிருந்து முதுகுக்கு. சட்டையை ஏழு தடவை பிழிகிற அளவுக்கு வேர்த்தது. டேனியல் சாரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். கிருபாவிடம் கேட்டார். பள்ளிவாசல் இமாமிடம் சொல்லிக் குமைந்தார். ஆட்டோக்காரனிடம்கூட, "கண்ணு கொஞ்சம் மங்கல் பிச்சைமணி" என்றார். நஸீபாவிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை. அவள் வரும்போதெல்லாம் தரையைப் பார்த்தார். வீட்டுத் தரையில் எத்தனை டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது என்பது ஒரு வாரத்தில் அவருக்கு மனப்பாடம்.

வந்த மறுநாள் காலை முதல் டம்ளர் ஒட்டியது. டீயைக் குடித்துவிட்டுக் கீழே வைக்கப் போனால், வர மறுத்தது. சோப்புப் போட்டார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள், கொல்லன் வந்து உளியால் நெம்பிப் பார்த்துவிட்டு உளியையும் அவர் முழங்கையில் விட்டுவிட்டுப் போனான். வேர்த்த இடமெல்லாம் ஒட்டியது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அவரோடு சேர்ந்து மூன்று பேர் ஒரு ஆளாக வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு போட்டு, விசிறி விட்டு, காய்ந்த பிறகுதான் அனுப்ப முடிந்தது.

"பத்து வருஷம் ஒண்ணும் ஒட்டாம இருந்திய. இப்ப ஊரையே ஒட்டிக்கிட்டு வாரிய" என்றாள் ஜைனப்.

ஆனால் நஸீபா கொண்டுவந்து வைத்த தட்டு அவர் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. அவள் மடித்து வைத்த கைலி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் தலை சுற்றுவதாகப் பாசாங்கு செய்து மகளின் தோளில் சாயப் பார்த்தார். எண்ணெய் தடவிய கண்ணாடியில் சாய்ந்த மாதிரி சறுக்கி, வாசல் சாக்கடையில் போய் உட்கார்ந்தார்.

"நான் நகரல" என்றாள் நஸீபா. "நீங்கதான் வழுக்குனிய."

அவள் சொன்னது உண்மை. அவள் இம்மியும் நகரவில்லை. அந்த ஆனி மாதமே உம்மாவிடம் சொல்லிவிட்டாள்: பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னைக்குப் படிக்கப் போகிறேன், விடுமுறைக்கும் வரமாட்டேன், போனில் வேண்டுமானால் வாப்பா முகம் பார்க்கட்டும், அதுதானே அவருக்குப் பழக்கம். அடுப்படியில் சொன்னது கூடத்தில் கேட்டது. கிதிர் முகம்மது அன்று வேர்த்த வேர்வையில் கூடத்துச் சுவர்க்கடிகாரம் பறந்து வந்து அவர் நெஞ்சில் ஒட்டியது. இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று அது அங்கிருந்தே ஓடிக்காட்டியது.

இந்த ஒட்டலை எப்படியாவது நிறுத்தத்தான் பிச்சைமணி அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே சிவனணைந்தபெருமாள் என்றொருவர் நாற்பது வருஷமாக வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் கைபட்டால் கட்டிப்போன மலையே இளகிவிடும் என்று பேச்சு. மூன்று லிட்டர் எண்ணெய் செலவானது. கடைசியில் சிவனணைந்தபெருமாளின் இரண்டு உள்ளங்கையும் கிதிர் முகம்மதுவின் உச்சந்தலையில் நின்றுவிட்டன. "நாப்பது வருஷமா நான் தலையத் தேய்க்கேன். தலை என் கையத் தேய்க்கிறது இன்னைக்குத்தான்" என்றபடி அவரும் கூடவே அருவிக்குள் நடந்தார். உள்ளே நின்ற இருபத்து மூன்று பேர் வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள்; எல்லோரையும் பிறகு காய வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அருவி. பாறையிலிருந்து ஒரு பாகம் இந்தப் பக்கம் சாய்ந்து வந்து அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போலீஸ்காரர் எச்சரிக்கைச் சங்கை ஊதினார். பெண்கள் பக்கத்திலிருந்து, "அந்தாளு என்ன பாவம் பண்ணுனாம்னு கேளுங்கய்யா!" என்று ஒரு குரல் வந்தது. அது கிதிர் முகம்மதுவின் காதில் விழுந்தது. தண்ணீருக்கடியில் நின்றபடியே வேர்த்த முதல் மனிதர் அவர்தான்.

ஆவணியில் அவருடைய அக்காள் மகள் ஹஃப்சா பெங்களூரிலிருந்து வந்தாள். எலியின் மூளையை மெழுகு மாதிரிச் சீவி, பெரிய கருவிக்கடியில் வைத்துப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவள். மாமாவைச் சுற்றிவந்து பார்த்தாள், முழங்கையில் ஒட்டிய உளியை ஆட்டிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள்.

"மாமா, மூளைல ஒரு செல்லும் அடுத்த செல்லும் தொட்டுக்கிடாது. நடுவுல துளியூண்டு இடைவெளி உண்டு. இங்கிட்டு உள்ளது ஒரு கைய நீட்டும், அங்கிட்டு உள்ளது ஒரு கைய நீட்டும். கைன்னா கை இல்ல, ஒட்டுற புரதம். இங்க நியூரெக்சின், அங்க நியூரோலிஜின். இன்னும் எத்தனையோ சோடி இருக்கு."

"மாப்பிள்ள பொண்ணு பேரு மாதிரில்லா இருக்கு" என்றாள் ஜைனப்.

"அப்படித்தான் மாமி. பொருத்தம் இருந்தாத்தான் பிடிக்கும். பிடிச்ச பொறவு, பந்தக்கால் நட்டதும் பாத்திரம் பண்டமெல்லாம் வந்து இறங்கும் பாருங்க, அதுமாதிரி சேதிய அனுப்புற சாமான் இங்கிட்டு வந்து கூடும், வாங்குற சாமான் அங்கிட்டு கூடும். அப்புறம்தான் சேதி ஒழுங்காப் போய்ச் சேரும். மொதல்ல பிடி, பொறவு பேச்சு. மாமாவுக்கு அந்தக் கையெல்லாம் மண்டைக்குள்ள பிடிக்க ஆள் இல்லாம தோலுக்கு வந்துட்டு, அவ்வளவுதான்."

"உள்ள மூளை இருந்திருந்தா அங்கனயே நின்னுருக்கும்" என்றாள் ஜைனப்.

கிதிர் முகம்மது சிரிக்கவில்லை. இடைவெளி விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது. டைல்ஸுக்கு டைல்ஸ் நடுவில் இடம் விடாமல் ஒட்டினால் வெயிலில் முட்டிக்கொண்டு எழும்பிவிடும் என்பது அவர் தொழில். அவர் கேட்டது வேறு. "பத்து வருஷம் தெனம் பேசுனேனே பிள்ள. அதெல்லாம்?"

ஹஃப்சா உளியை விட்டுவிட்டாள். "பேசுனிய மாமா."

"அவ பக்கம் கையே இல்லியா?"

"இருந்திருக்கும். புழங்காத பிடியெல்லாம் கழண்டுரும் மாமா. அதுவும் மூளையோட வேலைதான். அவளும் நீட்டி நீட்டிப் பாத்துட்டு மடக்கியிருப்பா."

அன்று அவர் மேல் புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. வேர்வைகூட வராத வெட்கம் அது. அசர் தொழுதுவிட்டு நேராக மகளிடம் போனார். அவள் முற்றத்தில் இயற்பியல் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ள, எனக்கு உன் முகம் தெரியாது."

"அது ஊருக்கே தெரியும்."

"படிச்சுக்கிடட்டா?"

நஸீபா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இவரைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தாள். "பாருங்க. ஆனா ஒட்ட வராதீங்க. பள்ளிக்கூடம் விடுத நேரம் வாசல்ல வந்து நில்லுங்க. கூப்பிடக்கூடாது. எது நான்னு விரலக் காட்டணும். சரியாக் காட்டுனா உங்க கூட வீட்டுக்கு வாரேன். தப்பாக் காட்டுனா நீங்க தனியா நடக்கணும்."

தினமும் ஒரு மணி நேரம், ஒரு கை தள்ளி உட்கார்ந்து மகளைப் படித்தார். மறுநாள் நாலு இருபதுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். தொள்ளாயிரம் பெண்பிள்ளைகள், தொள்ளாயிரம் பேருக்கும் ஒரே நீலம், ஒரே இரட்டைச் சடை, ஒரே ரிப்பன். முதல் நாள் வேறு ஒருத்தியைக் காட்டினார். அந்தப் பிள்ளை பயந்து ஓடியது. இரண்டாம் நாள் வேதியியல் டீச்சரைக் காட்டினார். முப்பத்தொரு பள்ளி நாள், முப்பத்தொரு தப்பு. மற்ற வாப்பாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக, டம்ளர்கள் குலுங்க, கோழி கொக்கரிக்க, நெஞ்சில் கடிகாரம் அடிக்க அவர் தனியாக நடந்தார். வழியில் டீக்கடை குற்றாலீஸ்வரன் தினமும் கேட்பார்: "இன்னைக்கு யாரு அண்ணாச்சி? நாளைக்கு அந்த வாட்ச்மேனையாவது காட்டிப் பாருமே." கடை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலும் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்; ஆனால் மறுநாள் போகாமல் இருக்கவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் ஐப்பசி மழை. தென்காசியில் அன்று பெய்த மழையில் கோபுரத்து நிழல்கூட நனைந்து கனத்துக் கிடந்தது. தொள்ளாயிரம் குடை வெளியே வந்தது. ஒரு முகமும் தெரியவில்லை. குடைக்குக் கீழே வெறும் கால்கள். கிதிர் முகம்மது ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாக எழுந்து ஒரு குடையைக் காட்டியது. அந்தக் குடைக்குக் கீழே இருந்த கால், தேங்கிய தண்ணீருக்கு முன்னால் நின்று, வீட்டு வாசல் சாக்கடை முன்னால் தினமும் செய்வதுபோலக் குதிகாலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டியது.

குடை நின்றது. பிறகு திரும்பியது.

"எப்படித் தெரிஞ்சு?" என்றாள் நஸீபா.

"தெரியல."

"மொகமே தெரியலியே வாப்பா."

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. கிதிர் முகம்மதுவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கும் இருநூறு பெற்றோருக்கும் வாட்ச்மேனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அன்னைக்கு உன்ன வீட்டுக்கு வேலைக்கு வந்த பிள்ளன்னு நெனச்சுட்டேன். பெத்த பிள்ளய. அத உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஊருகிட்டயெல்லாம் மன்னிப்புக் கேட்டேன், உங்கிட்டக் கேக்கல."

மழை பெய்துகொண்டிருந்தது. நஸீபா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு" என்றாள். "இந்த மொகத்த நீங்க பாத்துரக் கூடாதுன்னு ஃபில்டர் போட்டது நாந்தான. அந்த மொகத்துக்குத்தான சங்கிலி வாங்கிட்டு வந்திய. நாலு வருஷமா நீங்க கொஞ்சுனது என்னய இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

அவள் சுண்டு விரலை நீட்டினாள். அவரும் நீட்டினார். இரண்டு விரலும் தொடவில்லை. நடுவில் ஒரு அரிசி போகிற இடம் விட்டு நின்றன, நின்ற இடத்தில் பிடித்துக்கொண்டன.

பிடித்த மாத்திரத்தில் அவர் மேல் இருந்ததெல்லாம் கழன்றது. ஆறு டம்ளரும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து உருண்டன. கோழி இறங்கி, யாரையும் கேட்காமல், தன் சொந்தக்காரர் வீட்டைப் பார்த்து நடந்தது. விசில் விழுந்து உருண்டு தானே ஊதியதில் எதிரே நின்ற டவுன் பஸ் ஆளை ஏற்றாமலே கிளம்பிவிட்டது. கல்யாணப் பத்திரிகை நாற்பதும் வந்திருந்த பெற்றோர் கையில் ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கல்யாணம் புரட்டாசிக்கு முன்பே முடிந்து பெண் முழுகாமல் இருந்தாள். முதுகில் மிச்சமிருந்த அருவி மூன்று குடம் இருக்கும், அதுவும் கொட்டியது. வெட்கம் மட்டும் விழவில்லை. அதை அவரும் உதறவில்லை.

நஸீபா சென்னைக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தாள். அதற்குள் மருத்துவர்கள் பார்த்தாயிற்று. ஒருவர் இரண்டு விரலுக்கும் நடுவில் தன் விசிட்டிங் கார்டை விட்டு இந்தப் பக்கம் எடுத்தார், ஒன்றும் தடுக்கவில்லை, ஆனால் இழுத்தால் பிரியவும் இல்லை. ஹஃப்சா வந்து அளந்து பார்த்து, நோட்டில் எழுதி, எழுதியதை யாரிடமும் காட்டப்போவதில்லை என்று மடித்து வைத்தாள். கல்லூரிக்குப் போன முதல் நாள் பஸ் கிளம்பும்போதுதான், பிடி அறுந்துவிடுமோ என்று எல்லோருக்கும் கொஞ்சம் பயம். பாவூர்சத்திரம் வரைக்கும் கண்டக்டர் அவள் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆலங்குளம் தாண்டியும் அறவில்லை. இடைவெளிதான் நீண்டது, ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு. பிடி அப்படியே இருந்தது.

இப்போது மூன்றாம் வருஷம். சாயங்காலம் கிதிர் முகம்மது குற்றாலீஸ்வரனின் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து சுண்டு விரலை முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். ஒரு இழுப்பு என்றால் வகுப்பு முடிந்தது. இரண்டு என்றால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. விரல் இழுபடும்போதெல்லாம் அவர் காது சிவக்கும், கழுத்து சிவக்கும். குற்றாலீஸ்வரன் அதைப் பார்க்காத மாதிரிப் பால் ஆற்றுவார். மூன்று இழுப்பு என்றால் கூட்டம் அதிகம், பிள்ளை நின்றுகொண்டு வருகிறாள் என்று அர்த்தம். அன்றைக்கெல்லாம் கிதிர் முகம்மது பெஞ்சிலிருந்து எழுந்துவிடுவார். பஸ் தென்காசி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவரும் நிற்பார். ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இடம் காலியாயிற்றென்று அடுத்து வந்தவர் அங்கே உட்கார்ந்து டீ சொல்லுகிறார்.